மடியும் ஆசனமும்: மன்னார்க் குழந்தைகளின் பயண வரலாறு

மன்னார்த் தீவின் போக்குவரத்து வரலாற்றை எழுதியோர் பலர். கப்பலைப் பற்றி எழுதினார்கள்; ரயிலைப் பற்றி எழுதினார்கள்; தீவையும் பெருநிலப்பரப்பையும் இணைக்கும் பாலம் கட்டப்பட்டதையும் தகர்க்கப்பட்டதையும் மீண்டும் கட்டப்பட்டதையும் எழுதினார்கள். பத்திரிகையாளன் என்ற முறையில் நானும் என் பங்குக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த வாகனங்களிலெல்லாம் குழந்தைகள் எங்கே இருத்தப்பட்டார்கள் என்ற கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம். விடை எல்லாருக்கும் தெரிந்ததுதானே: தாயின் மடியில்.

அந்த விடையின் வரலாற்றைத்தான் இப்பதிவில் எழுத விரும்புகிறேன். இதற்குத் தூண்டுதலாக அமைந்தது வெளிநாட்டில் வாழும் வாசகர் ஒருவர் அனுப்பியிருந்த மடல். பேசாலையைப் பூர்வீகமாகக் கொண்டவர். மூன்று பிள்ளைகளின் தந்தை. மூத்தவனுக்கு ஏழு வயது, நடுவிலுள்ளவளுக்கு நான்கு, கடைக்குட்டிக்குப் பத்து மாதம். ஓகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவுக்கு வருகிறார்கள். அவர் கேட்டிருந்தது இதுதான்: "கட்டுநாயக்காவில் இறங்கி மன்னாருக்கு ஒரு ஜீப் பிடித்தால், அதன் பின்னாசனத்தில் குழந்தைகளுக்கான மூன்று ஆசனங்களை அருகருகே பொருத்த முடியுமா? ஊரில் யாரிடம் கேட்டாலும் சிரிக்கிறார்கள்."

எங்கள் ஊரில் உயரமான எந்த வண்டியும் ஜீப்தான் என்பதை வாசகர்கள் அறிவார்கள். சிரித்தவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் குறைந்தது இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

நடந்தவர்களும் வண்டியில் வந்தவர்களும்

19 ஆம் நூற்றாண்டில் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் பாம்பன், இராமேஸ்வரம் பக்கத்துத் துறைகளில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் தூரத்தைக் காட்டுப் பாதையில் நடந்தே கடந்தார்கள். கொள்ளைநோய்க்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். தொடக்கத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். காலப்போக்கில் பெண்களும் குழந்தைகளும் சேர்ந்துகொண்டனர். அந்தக் குழந்தைகளுக்கு வாகனம் தாயின் இடுப்பும் தந்தையின் தோளுமே. முதுகில் துணி கட்டிச் சுமந்தார்கள். நடக்கக் கூடியவர்கள் நடந்தார்கள்.

தீவிலும் கரையோரத்திலும் இருந்த குடும்பங்களுக்கோ மாட்டு வண்டி இருந்தது. மாந்தையிலிருந்து 17 ஆம் நூற்றாண்டில் மடுக் காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட மாதாவின் திருச்சொரூபத்தை நாடிச் சனங்கள் கூண்டு வண்டிகளில் போன கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வண்டித் தட்டில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைப்பார்களாம். கைக்குழந்தைக்குக் கூண்டின் வளைவில் ஏணை கட்டித் தொங்கவிடுவதும் உண்டாம். வண்டி குலுங்கக் குலுங்க ஏணை தானாக ஆடும்; குழந்தை தூங்கும். அரிசி மூட்டை, சட்டி பானை, விறகு, பிள்ளைகள் எல்லாம் ஒரே தட்டில். தாய் நடுவில் இருந்து எல்லாவற்றுக்கும் அணையாக இருப்பாள்.

இதை இன்று கேட்டால் பொறுப்பற்ற செயல் போலத் தோன்றலாம். அப்படியன்று. மாட்டு வண்டியின் வேகம் மணிக்கு நாலைந்து கிலோமீற்றர். மனிதன் நடக்கும் வேகம். அந்த வேகத்தில் வண்டி ஒரு மரத்தில் மோதினாலும் தாயின் கை குழந்தையைப் பிடித்துக்கொள்ளும். மடி என்பது அந்த வேகத்துக்குரிய ஆசனம். அதில் அறிவீனம் எதுவுமில்லை.

கோச்சியும் கப்பலும்

1914 இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையிலான 106 கிலோமீற்றர் ரயில் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவையும் தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று இந்தியாவை ஆண்ட மூன்று பிரபுக்களின் பெயர்களைத் தாங்கிய நீராவிக் கப்பல்கள் ஓடின. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கொழும்பு கோட்டை வரை வரலாம் என்றாயிற்று. போட் மெயில் என்ற பெயரை இன்றும் இரு கரைகளிலும் பழையவர்கள் மறக்கவில்லை.

ரயிலிலும் குழந்தையின் இடம் மடிதான். யன்னலோரத்துக்குச் சண்டை பிடிக்கும் வயது வந்த பிள்ளைகள் பலகை ஆசனத்தில் முழங்கால் ஊன்றி நிற்பார்கள். ரயில் பெட்டியில் இன்றும் பொதுவாகக் குழந்தைக்குத் தனிப் பட்டி கட்டுவதில்லை. நூற்றுக்கணக்கான மெற்றிக் தொன் எடையுள்ள வண்டி ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை என்பதே காரணம். ஆகவே மடி இங்கேயும் பெரும்பாலும் பொருத்தமான இடமாகவே இருந்தது.

அந்த ரயிலில் போன குழந்தைகளில் ஒரு தலைமுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது, தலைமன்னாரையும் தாக்கியது. அதன் பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. தோட்டங்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னாருக்கு வந்து கப்பலேறின. உறவினர் கதறி வழியனுப்பிய அந்த ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. பிறந்த மண்ணைக் கடைசியாகப் பார்ப்பதற்காக யன்னலருகே தூக்கிப் பிடிக்கப்பட்ட எத்தனையோ குழந்தைகளைத் தலைமன்னார்ப் பாலத்தடி கண்டிருக்கும். ஒப்பந்தத்தை எழுதியவர்களின் கணக்கில் அவர்களும் தலைக்கு ஒன்றாக எண்ணப்பட்டார்கள்.

கடலின் நியாயம் வேறு

1980களின் நடுப்பகுதியில் கப்பல் நின்றது. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது ரயிலும் நின்றது. 1930 இல் அமைக்கப்பட்ட மன்னார்ப் பாலம் அதே ஆண்டில் தகர்க்கப்பட்டது. தரைவழி மூடப்பட்டபோது மன்னார் மக்களுக்குக் கடலே வீதியாயிற்று.

1983 முதல் 1987 வரையிலான முதற்கட்டத்தில் மட்டும் 1,34,000 வரையான ஈழத் தமிழர் அகதிகளாகத் தமிழகத்தில் கரையேறினார்கள். 1990க்குப் பின்னர் இன்னொரு பேரலை. பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் இரவில் புறப்பட்ட படகுகளில் குழந்தைகள் எங்கே இருந்தார்கள் என்று இரு கரைகளிலும் பலரிடம் கேட்டிருக்கிறேன். விடை ஒன்றுதான். படகின் அடித்தட்டில், இயந்திரத்திலிருந்து விலகி, பெண்களின் கால்களுக்கிடையில். மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள் இடுப்பளவு நீரில் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடந்தார்கள். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடி காரணமாக மன்னாரிலிருந்து புறப்பட்டு அரிச்சல்முனைக்கு அருகே மணல் திட்டில் தவித்து மீட்கப்பட்ட முதற் குழுவிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் மக்கள் படகுகளில் கற்பிட்டிக் கரையை நோக்கிப் போனார்கள். அந்தப் படகுகளிலும் குழந்தைகள் மடிகளில்தான் இருந்தார்கள். இவ்வரலாற்றை எழுதும்போது ஒரு சமூகத்தின் மடியை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

கடலில் ஒரு நியாயம் உண்டு. படகில் குழந்தையை எதனோடும் கட்டக்கூடாது. படகு கவிழ்ந்தால் கட்டப்பட்ட குழந்தை படகோடு போய்விடும். கடலில் தேவைப்படுவது மிதவை அங்கி. காரில் நிலைமை இதற்கு நேரெதிர். அங்கே குழந்தையை வண்டியோடு வண்டியாகப் பிணைத்துவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு, பிள்ளையைக் கட்டிவைப்பது என்ற எண்ணமே மனத்துக்கு ஒவ்வாததாக இருப்பதில் வியப்பில்லை. "பிள்ளையைக் கட்டி வைக்கிறதோ, அது என்ன ஆட்டுக்குட்டியோ?" என்று பேசாலையில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டதுண்டு.

மற்றக் கரையில் நடந்தது

இதே காலத்தில் மேற்கு நாடுகளில் என்ன நடந்தது என்று பார்ப்போம். மோட்டார் கார் பெருகிய 1930களிலேயே அங்கு குழந்தை ஆசனங்கள் விற்பனையில் இருந்தன. ஆனால் அவை பாதுகாப்புக்காக உருவானவை அல்ல. பிள்ளை எழுந்து ஓடாமல் இருக்கவும், உயரத்தில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்க்கவுமே பயன்பட்டன. 1959 இல் சுவீடனின் வொல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியியலாளர் மூன்று முனை ஆசனப் பட்டியை வடிவமைத்தார். அது பெரியவர்களுக்கானது. 1962 இல் பிரித்தானியாவில் ஜீன் ஏம்ஸ் என்ற பெண்மணியும் அமெரிக்காவில் லெனார்ட் ரிவ்கின் என்பவரும் தனித்தனியாக, விபத்தில் குழந்தையைக் காக்கும் நோக்குடன் ஆசனங்களை உருவாக்கினார்கள். 1964 அளவில் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் புறப்படும்போது முதுகைக் கொடுத்துப் படுத்திருக்கும் முறையைப் பார்த்து, பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை அமைத்தார். கைக்குழந்தையின் தலை பெரிது, கழுத்து மெலிது; மோதலின் விசையை முதுகு முழுவதும் தாங்க வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை.

சட்டம் மிகத் தாமதமாகவே வந்தது. குழந்தைகளைக் காரில் ஆசனத்தில் கட்ட வேண்டும் என்ற முதற் சட்டம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1978 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் ரொபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். அந்தச் சட்டத்திலும் ஒரு விலக்கு இருந்தது: பெரியவர் ஒருவரின் கைகளில் இருக்கும் குழந்தைக்கு ஆசனம் வேண்டியதில்லை என்பது. அதாவது மடிக்கு விலக்கு. அம்மருத்துவர் அந்த விலக்குக்கு வைத்த பெயர் குழந்தையை நசுக்கும் திருத்தம் என்பது. 1981 இல் அது நீக்கப்பட்டது. 1985 ஆம் ஆண்டளவில் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் சட்டம் வந்துவிட்டது. மடியின் மீது நம்பிக்கை வைத்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சட்டம் எழுதிய அமெரிக்கரும் முதலில் மடியைத்தான் நம்பினார்கள்.

அம்மருத்துவர் ஏன் அவ்வளவு கடுமையாகச் சொன்னார்? கணக்கு எளிது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீற்றர் தூரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தை சுமார் 200 கிலோ எடையாக இழுக்கும். 80 கிலோமீற்றர் வேகமென்றால் 500 கிலோ. எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. எந்த மீனவனாலும் பிடிக்க முடியாது. தாயும் பட்டி கட்டாதிருந்தால் இன்னும் மோசம்: முன்னே பாயும் தாயின் உடலுக்கும் முன்னாசனத்துக்கும் இடையில் குழந்தை அகப்படும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மாட்டு வண்டிக்குச் சரியாக இருந்த மடி, காருக்குச் சரியில்லாமற் போனது இப்படித்தான். தாயன்பு குறையவில்லை, வேகம் கூடிவிட்டது.

1980களில் அகதிகளாகப் போன எம்மவர்கள் இந்தச் சட்டங்கள் வளர்ந்துகொண்டிருந்த நாடுகளிலேயே குடியேறினார்கள். ஜேர்மனி 1993 இல் குழந்தை ஆசனத்தைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவில் 2006 செப்ரெம்பர் முதல், 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை உரிய ஆசனம் வேண்டும் என்ற விதி வந்தது. ஒன்ராறியோவில் பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து காரில் வீட்டுக்குக் கொண்டுபோவதற்கே ஆசனம் வேண்டும். படகின் அடித்தட்டில் இருந்துபோன குழந்தைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளை மூன்று ஆசனங்களில் வரிசையாகக் கட்டிக் காரோட்டும் பெற்றோராகியிருக்கிறார்கள். எனக்கு மடல் எழுதிய அன்பரும் அவர்களில் ஒருவர்.

காப்பெற் வீதி வந்த பின்

போர்க்காலத்தில் மன்னார் மாவட்ட வீதிகளில் வேகமாக ஓடுவது இயலாத காரியம். பள்ளம், மணல், சோதனைச் சாவடி. லாண்ட்மாஸ்டர் பெட்டிகளிலும் உழவு இயந்திரங்களிலும் சனங்கள் போனார்கள். அந்நாட்களில் பிள்ளைகளுக்கு வீதியில் இருந்த ஆபத்து வேறு வகையானது. 2008 ஜனவரி 29 ஆம் திகதி மடுப் பகுதியில் பஸ் ஒன்று கிளைமோர்த் தாக்குதலுக்கு இலக்காகிப் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதிலிருந்து எந்த ஆசனமும் எந்தப் பட்டியும் எவரையும் காத்திருக்க முடியாது. அத்தகைய நாட்களில் வாழ்ந்த பெற்றோரிடம் போய்ப் பட்டி கட்டினீர்களா என்று கேட்பது கொடூரம்.

போர் முடிந்தது. 2010 இல் மன்னார்ப் புதுப்பாலம் திறக்கப்பட்டது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் வந்தது. பூநகரி வழியாக மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழி சுருங்கியது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி வந்து தலைமன்னாருக்கான ரயிலைக் கொடியசைத்து வைத்தார். மதவாச்சி வீதியும் பூநகரி வீதியும் காப்பெற் போடப்பட்டுப் பளபளத்தன. இருமருங்கும் காடு அல்லது வயல், நேரான பாதை. சாரதியின் கால் தானாகவே அழுத்தும். அதே வீதியில் மாடுகள் உண்டு. தீவுக்குள் வந்தால் இரவில் தாரின் சூட்டுக்காக நடுவீதியில் படுத்துக்கிடக்கும் கழுதைகள் உண்டு. திடீரென்று பிரேக் அடிக்காமல் மன்னாரில் வண்டி ஓட்டியவர் எவருமில்லை.

வேகம் சில ஆண்டுகளில் இரு மடங்காயிற்று. குழந்தையின் இடம் மட்டும் மாறவில்லை. மாட்டு வண்டிக் காலத்து மடியே தொடர்ந்தது. இதுதான் நான் சுட்டிக்காட்ட விரும்பும் செய்தி. மற்ற நாடுகளில் காரும் வீதியும் சட்டமும் பல பத்தாண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன. இங்கே வீதி மட்டும் ஒரே பாய்ச்சலில் வந்துவிட்டது. 2011 ஒக்டோபரில் ஆசனப் பட்டி கட்டாயமானபோது அந்த விதி முன்னாசனக்காரரையே நோக்கியது. பின்னாசனத்தில் இருப்பவர்கள் அதைத் தங்களுக்குரிய விதியாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியா 2019 இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 14 வயதுக்குட்பட்டோருக்குப் பட்டியோ குழந்தை ஆசனமோ இல்லையென்றால் 1,000 ரூபா அபராதம் என்று எழுதியது. ஆனால் 2022 செப்ரெம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்னாசனத்தில் பட்டி கட்டாத நிலையில் விபத்தில் இறந்த பின்னர்தான் அங்கும் பின்னாசனத்தைப் பற்றிப் பரவலாகப் பேசத் தொடங்கினார்கள்.

எங்கள் பத்திரிகைகளில் விபத்துச் செய்தி எழுதுவதற்கு ஒரு வாய்பாடு உண்டு. "தாயின் மடியிலிருந்த குழந்தை தூக்கி வீசப்பட்டு உயிரிழந்தது." இந்த வாக்கியத்தை ஆண்டுக்கணக்காகப் பல பத்திரிகைகளில் வாசித்திருக்கிறேன். மதவாச்சி வீதியில் நடந்த அத்தகைய ஒரு விபத்தின் மரண விசாரணைக்குச் செய்தியாளனாகப் போயிருந்தேன். அந்தக் குடும்பத்தின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். தாய்க்குக் கையில் சிறு காயம் மட்டுமே. "இறுக்கிப் பிடிச்சிருந்தனான், இறுக்கித்தான் பிடிச்சிருந்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. இறுக்கித்தான் பிடித்திருப்பார். தான் போதாமற் போனேன் என்று அவர் வாழ்நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருப்பார். எந்தக் கையும் போதாது என்பதை அவருக்கு முன்கூட்டியே எவராவது சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று ஆசனங்கள் பொருந்துமா?

இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். இதற்காக மன்னார் நகரில் வாடகை வண்டி ஓட்டும் சாரதிகள் சிலரிடமும், வெளிநாட்டிலிருந்து ஆசனங்களைக் கொண்டுவந்து பொருத்திய இரு குடும்பங்களிடமும் பேசினேன். ஒரு சாரதி சொன்னது: "வண்டி பெரிசு எண்டு பாக்கிறாங்கள் ஐயா. வெளியில பெரிசு. உள்ள சீற் அகலம் காரை விடக் கொஞ்சம்தான் கூட." சரியான பேச்சு. உயரத்தைக் கண்டு ஏமாறக்கூடாது. கதவிலிருந்து கதவு வரை பின்னாசனத்தின் அகலத்தை அளக்க வேண்டும். ஒடுங்கிய குழந்தை ஆசனமே பொதுவாக 43, 44 சென்ரிமீற்றர் அகலம் வரும். மூன்றுக்கு 130 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் வேண்டும். அகலமான ஆசனங்கள் என்றால் பெரும்பாலான ஜீப்புகளில் மூன்று நுழையாது.

அடுத்தது பட்டி. பழைய வண்டிகளில் நடு ஆசனத்துக்கு இடுப்புப் பட்டி மட்டுமே இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்குரிய பூஸ்டர் ஆசனத்துக்கு இடுப்பும் தோளும் சேர்ந்த மூன்று முனைப் பட்டி அவசியம். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை இலங்கைக்குக் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் வீதியில் ஓடும் வண்டிகளிற் பல வயதானவை. ஐசோஃபிக்ஸ் எனப்படும் கொளுவிகள் இருந்தாலும் பொதுவாக இரு ஓரங்களில்தான் இருக்கும். நடுவில் வைப்பதைப் பட்டியால்தான் கட்ட வேண்டும். பட்டியை மட்டும் பயன்படுத்திக் கட்டக்கூடிய ஆசனங்களைக் கொண்டுவருவதே உத்தமம். பின்பகுதியில் பக்கவாட்டு வாங்கு போட்ட பழைய ஜீப்புகளில் அந்த வாங்கில் எந்தக் குழந்தை ஆசனமும் பொருத்தக்கூடாது.

வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பின்னோக்கிய ஆசனம் ஒரு மட்டத்தில் அகன்றிருக்கும். முன்னோக்கியது வேறொரு மட்டத்தில் அகன்றிருக்கும். ஆகவே இவ்விரண்டும் அருகருகே வரும்போது ஒன்றின் இடுக்கில் மற்றது அடங்கிக்கொள்ளும். ஒரு குடும்பத்தினர் பத்து மாதக் குழந்தையைப் பின்னோக்கி நடுவிலும், மற்ற இருவரை முன்னோக்கி ஓரங்களிலும் வைத்திருந்தார்கள். ஆசனங்களை வைத்த பிறகு பட்டியின் பூட்டு அடியில் புதைந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். பூட்ட முடியாத பட்டி இல்லாத பட்டிக்குச் சமம். கட்டிய பிறகு பட்டி ஊடுசெல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது.

பொருந்தாவிட்டால் என்ன செய்வது? இருவரைப் பின்னாலும், பூஸ்டரில் இருக்கும் மூத்தவனை மூன்றாம் வரிசையிலும் வைக்கலாம், அங்கே மூன்று முனைப் பட்டி இருந்தால். மூத்தவனை முன்னாசனத்தில் வைக்க நேர்ந்தால் ஆசனத்தை இயன்றவரை பின்னே தள்ள வேண்டும். கைக்குழந்தையைக் காற்றுப்பை உள்ள முன்னாசனத்தில் பின்னோக்கி வைப்பது ஒருபோதும் கூடாது, காற்றுப்பையே கொன்றுவிடும். ஹயஸ் வான்களின் நடைபாதையில் விரிக்கும் மடக்கு ஆசனம் பிள்ளைகளுக்கு ஆகாது. பயணப் பெட்டிகளைக் கட்டாமல் பிள்ளைகளின் தலைக்குப் பின்னால் அடுக்குவதும் ஆகாது. கட்டுநாயக்காவிலிருந்து மன்னார் 300 கிலோமீற்றர் வரை. நள்ளிரவில் இறங்கி உடனே புறப்படுவதைக் காட்டிலும், விடியும்வரை பொறுத்துப் புறப்படுவது எந்த ஆசனத்துக்கும் குறையாத பாதுகாப்பு.

இங்குள்ள பிள்ளைகள்

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று ஆசனம் தேடும் இந்நேரத்தில், அவர்களுடைய மன்னார் உறவுப் பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள்? தந்தை மோட்டார் சைக்கிளை ஓட்ட, ஒரு பிள்ளை பெற்றோல் தாங்கியின்மேல். தாய் பின்னால், கையில் மற்றது. அல்லது ஒரு முச்சக்கர வண்டியில் ஆறு பேர். ஓர் ஆசனத்தின் விலை மீனவக் குடும்பமொன்றின் பல நாள் உழைப்பு. அவர்களிடம் ஆசனத்தைப் பற்றி உபதேசம் செய்வதில் பயனில்லை. ஆபத்து அவர்களுக்கும் தெரியும். 2021 மார்ச்சில் தலைமன்னார்த் துறையடியில் ரயில் கடவையைக் கடந்த பஸ் மீது ரயில் மோதி மாணவர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். பாதுகாப்பான கடவை வேண்டும் என்று அதன் பின் கேட்டவர்கள் இதே பெற்றோர்தான்.

ஆயினும் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. வானில் போகும்போது குழந்தையைக் கொண்டு முன்னாசனத்தில் இருக்காதிருத்தல். தாய் தன் பட்டியைக் கட்டுதல். ஆனால் ஒரே பட்டிக்குள் தன்னையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டாதிருத்தல். வளர்ந்த பிள்ளைகளைத் தனித்தனியே பட்டிக்குள் இருத்துதல். மோட்டார் சைக்கிளில் பிள்ளைக்கும் அளவான தலைக்கவசம். சாரதியிடம் "மெதுவாகப் போங்கள் தம்பி" என்று சொல்வதற்கு வெட்கப்படாதிருத்தல்.

செலவுள்ள ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். ஓகஸ்டில் வரும் குடும்பங்கள் கொண்டுவரும் ஆசனங்களைத் திரும்பக் கொண்டுபோகாமல் ஊரில் விட்டுச் செல்லலாம். விபத்தில் அகப்படாத, காலாவதியாகாத ஆசனங்களாக அவை இருக்க வேண்டும். மன்னாரில் வாடகை வண்டி வைத்திருப்போர் ஒன்றுகூடிப் பத்து ஆசனங்களை ஓரிடத்தில் வைத்தால், பிரசவ விடுதியிலிருந்து வீடு திரும்பும் குழந்தைக்கும் ஒன்று கிடைக்கும். மடல் எழுதிய அன்பருக்கு இந்த யோசனையை எழுதியிருக்கிறேன். மூன்றையும் விட்டுச் செல்வதாகப் பதில் வந்திருக்கிறது. அவற்றைப் பொறுப்பேற்க முன்வரும் வண்டிச் சொந்தக்காரர் எவராவது இதை வாசித்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.